மருத்துவ பௌதிகவியல் படிக்க வெளிநாடு போகுமுன்

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பீடத்திலோ பௌதிகவியல் படித்துவிட்டு மருத்துவ பௌதிகவியலுக்கு (கதிர்வீச்சுச் சிகிச்சை, எக்ஸ்ரே போன்றவற்றில் கதிர்வீச்சைச் சரியாக அளந்து பாதுகாப்பாகப் பயன்படுத்தும் துறை) வெளிநாடு போக நினைப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது வைத்தியசாலைப் பயிற்சியைப் பற்றித்தான். சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் வழிகாட்டலில் மூன்று படிகள் உண்டு: பௌதிகவியல் பட்டம், அதற்குமேல் முதுமாணி, அதற்கும் மேல் மேற்பார்வையுடன் குறைந்தது 2 ஆண்டு வைத்தியசாலைப் பயிற்சி. மூன்றாவது இல்லாமல் நோயாளிக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு அளவுக்குத் தனியே பொறுப்பேற்க முடியாது. பலர் கடன்பட்டு முதுமாணியை முடித்துவிட்டு அந்த இடத்தில்தான் தேங்கிப் போகிறார்கள்.

வசதி குறைந்த பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது இத்தாலி. திரியெஸ்தே நகரில் அப்துஸ் சலாம் சர்வதேச கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையமும் திரியெஸ்தே பல்கலைக்கழகமும் சேர்ந்து 2014 முதல் 2 ஆண்டு முதுமாணி நடத்துகின்றன. வளர்முக நாட்டு மாணவரை மனதில் வைத்து உருவாக்கிய படிப்பு அது. முதலாம் ஆண்டு வகுப்பு, இரண்டாம் ஆண்டு வைத்தியசாலை. புலமைப்பரிசிலும் உண்டு, அதற்கேற்ற போட்டியும் உண்டு.

அமெரிக்கா என்றால், மருத்துவ பௌதிகவியல் படிப்புகளை மதிப்பிடும் அமைப்பான 'கேம்பெப்'பின் (CAMPEP) அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள். அங்கு தொழில்சார் சான்றிதழ்ப் பரீட்சைக்கு அந்த அங்கீகாரமுள்ள படிப்பும், பிறகு அதே அங்கீகாரமுள்ள 2 ஆண்டு வைத்தியசாலைப் பயிற்சியும் வேண்டும். கலாநிதிப் பட்டத்துக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்கும். முதுமாணிக்குப் பொதுவாகக் கைக்காசுதான். பிரித்தானியாவில் முதுமாணி 1 ஆண்டில் முடியும். ஆனால் அங்கத்தைய அரச சுகாதார சேவையின் 3 ஆண்டு விஞ்ஞானிப் பயிற்சி சம்பளத்துடன் வருவது, முதுமாணியும் அதற்குள்ளேயே அடங்கும். ஆகவே காசு கட்டிப் படித்த முதுமாணி அந்தப் பயிற்சிக்குக் குறுக்குவழி ஆகாது.

3 ஆண்டுப் பொதுப் பட்டம் பெற்றவர்கள், 4 ஆண்டுப் பட்டம் கேட்கிறார்களா என்பதை விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் எடுங்கள். பெறுபேற்றுப் பட்டியலில் பாடத்தின் பெயரும் குறியீடும் மட்டும் இருந்தால் தெரிவுக்குழுவுக்கு எதுவும் விளங்காது. குவாண்டம், மின்காந்தவியல், அணுக்கருப் பௌதிகவியல் ஆகியவற்றின் பாடத்திட்டத்தைத் துறையின் முத்திரையுடன் வாங்கி இணையுங்கள்.

நேர்முகத்துக்கு உடற்கூற்றியலை மனனம் செய்யத் தேவையில்லை. அது முதுமாணியில் வரும். கதிர்வீச்சு பொருளோடு எப்படி இடைத்தாக்கம் புரிகிறது என்பதில் தெளிவு வேண்டும். சாதாரண எக்ஸ்ரே படத்தில் எலும்பு பளிச்சென்று தெரிகிறது, சிகிச்சை இயந்திரத்தின் மெகாவோல்ட் கதிரில் எடுத்த படம் மங்கலாக இருக்கிறது. ஏன்? குறைந்த சக்தியில் ஒளிமின் விளைவு, அதாவது கதிரை அணு முழுதாக உறிஞ்சுவது, மேலோங்கும். அது அணுவெண்ணோடு ஏறத்தாழ மும்மடி அடுக்கில் கூடுவதால் கல்சியம் நிறைந்த எலும்பு அதிகம் உறிஞ்சுகிறது. மெகாவோல்ட்டில் கொம்டன் சிதறலே, அதாவது கதிர் இலத்திரனில் மோதித் திசைமாறுவதே, ஆட்சி; அது அணுவெண்ணைப் பெரிதாகக் கவனிப்பதில்லை, ஆகவே எலும்புக்கும் தசைக்கும் வேறுபாடு குறைந்துவிடுகிறது. இந்த ஒரு கேள்வியைப் படம் வரைந்து விளக்கத் தெரிந்தால் பாதிப் பாடம் கையில் இருக்கிறது. பைத்தன் கணினி மொழியும் கொஞ்சம் பழகுங்கள்.

ஆவணங்களில் பெயர்தான் பெரிய சிக்கல். பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாகவும் கடவுச்சீட்டில் முழுமையாகவும் இருந்தால், ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சேர்த்து முன்கூட்டியே சரிபாருங்கள். தமிழிலுள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுங்கள். பெற்றோரின் வங்கிக் கணக்கைக் காட்டி பிரித்தானிய விசா கேட்டால் அந்தச் சான்றிதழும் அவர்களின் சம்மதக் கடிதமும் வேண்டும். காட்டும் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.