தோற்கடித்தது யார்? ‘ஐ’ போனால் கோப்பையும் போச்சு

1983 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம், கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப்போட்டி. இந்தியா எடுத்தது 183, வெஸ்ட் இண்டீஸ் 140க்கு ஆல் அவுட், 43 ரன் வித்தியாசத்தில் கோப்பை நமக்கு. இதற்கு யாராவது ‘வெஸ்ட் இண்டீஸ் வீழ்த்திய இந்தியா’ என்று தலைப்பு வைத்தால், நம் கேப்டன் கபில்தேவ் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கி வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் கிளைவ் லாயிடிடம் கொடுத்துவிட்டார் என்று பொருள். ‘அம்மா சுட்ட தோசை’ என்றால் சுட்டது அம்மா, சுடப்பட்டது தோசை. அதே கணக்குதான் இங்கேயும்: வீழ்த்தியது வெஸ்ட் இண்டீஸ், விழுந்தது இந்தியா. ‘வெஸ்ட் இண்டீஸை வீழ்த்திய இந்தியா’ என்று எழுதியிருந்தால் வம்பே இல்லை.

தமிழில் ‘ஐ’ என்ற வேற்றுமை உருபு மறைந்து வரலாமே, ‘தோசை தின்றான்’ என்கிறோமே என்று கேட்கலாம். வரலாம், சந்தேகத்துக்கு இடமில்லாத இடத்தில். தோசை ஆளைத் தின்னாது. ஆனால் இரண்டு அணிகளில் எது எதை வேண்டுமானாலும் தோற்கடிக்கலாம், அதனால் அங்கே ‘ஐ’யை விழுங்கினால் ஸ்கோரைப் பார்த்துத்தான் வாக்கியத்தைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

சரி, ‘தோற்கடி’ என்ற சொல்லுக்கு வருவோம். இதில் ‘அடி’ இருப்பதால் அடித்து உதைத்துத் தோற்க வைப்பது என்று விளக்கம் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. தோற்க + அடி என்பதுதான் இதன் கட்டு. இங்கே ‘அடி’ என்பது கையால் அடிப்பது இல்லை, ஒரு நிலைக்கு ஆளாக்குவது. திணறடி, கலங்கடி, மூழ்கடி, சிதறடி எல்லாம் ஒரே குடும்பம். வெள்ளம் ஊரை மூழ்கடித்தது என்றால் வெள்ளம் யாரையும் கம்பால் அடிக்கவில்லையே. அதனால்தான் சத்தமே இல்லாத சதுரங்கத்துக்கும் இந்தச் சொல் பொருந்துகிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் டிங் லிரெனை 7.5-6.5 என்று தோற்கடித்தார் என்று தாராளமாக எழுதலாம்.

எழுத்துப் பிழை இதில் அதிகம் வருவது ‘தோற்க்கடித்தது’ என்பது. ‘ற்’ வந்த பிறகு இன்னொரு மெய் ஒட்டாது. முயற்ச்சி, பயிற்ச்சி என்று எழுதுகிற அதே கை செய்கிற தப்பு இது. இன்னொன்று கொஞ்சம் வேடிக்கையானது. தோற்க வைத்தோம் என்று சொல்ல நினைத்து ‘தோற்றுவித்தோம்’ என்று எழுதிவிடுகிறார்கள். தோற்றுவிப்பது என்றால் உருவாக்குவது, தொடங்குவது. ‘எதிர்க்கட்சியைத் தோற்றுவித்தோம்’ என்றால் நீங்களே காசு போட்டு எதிர்க்கட்சி ஆரம்பித்ததாக ஆகிவிடும்.

‘வெல்’ இதைவிடப் பழசு, எளிமையும்கூட. கொல் - கொன்றான், செல் - சென்றான் மாதிரி வெல் - வென்றான். எனவே ‘வெண்றான்’ கிடையாது, ‘வெள்ளும்’ கிடையாது. சந்தேகம் வந்தால் தமிழ்நாடு அரசு முத்திரையைப் பாருங்கள், ‘வாய்மையே வெல்லும்’ என்றுதான் இருக்கிறது. எதிரியைச் சொல்லாமலும் ‘வெல்’ நிற்கும் (இந்தியா வென்றது), எதிரிக்கு ‘ஐ’ கொடுத்தும் நிற்கும். ‘பகல்வெல்லும் கூகையைக் காக்கை’ என்று குறளில் வருவதைக் கவனியுங்கள், வரிசை எப்படி மாறினாலும் அடி வாங்கியது கூகை, அதாவது ஆந்தைதான் என்று அந்த ‘ஐ’ காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆனால் ‘வெற்றி பெறு’ அப்படி இல்லை. ‘ஆஸ்திரேலியாவை வெற்றி பெற்றது’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், தப்பு. பெற்றது எதை? வெற்றியை. அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது, ஆஸ்திரேலியாவை அதில் திணிக்க முடியாது. ‘ஆஸ்திரேலியாவுக்கு எதிராக வெற்றி பெற்றது’ என்று சுற்றிவளைத்து எழுதலாம். அதற்குப் பேசாமல் ‘வென்றது’ என்றே எழுதிவிடலாம். அப்புறம், ‘வெற்றிப் பெற்றது’ என்று நடுவில் ஒரு ‘ப்’ போடாதீர்கள். ஆசையாக இருக்கும், தேவையில்லை.

தோற்றவர் பக்கத்திலிருந்து எழுதும்போது ‘இடம்’ வரும்: இந்தியாவிடம் வெஸ்ட் இண்டீஸ் தோற்றது. ‘இந்தியாவுடன் தோற்றது’ என்று எழுதினால் இரண்டு பேரும் சேர்ந்து வேறு யாரிடமோ தோற்ற மாதிரி ஒரு வாசம் அடிக்கிறது. போட்டி என்றால் ‘போட்டியில் தோற்றது’. ‘போட்டியைத் தோற்றது’ இப்போது பரவி வருகிறது, எனக்குக் காதில் கல் கடிக்கிறது. ஆனால் தருமர் சூதில் நாட்டைத் தோற்றார் என்பது சரியான தமிழ், ஏனென்றால் நாடு அங்கே பந்தயப் பொருள். வைத்து இழந்தால் ‘ஐ’ வரும். ‘இந்தியாவால் தோற்கடிக்கப்பட்டது’ என்பதில் இலக்கணப் பிழை இல்லைதான், ‘இந்தியாவிடம் தோற்றது’ என்று சுருக்கமாக முடிகிற விஷயத்துக்கு எதற்கு அத்தனை நீளம் என்பதுதான் என் கேள்வி.

‘முறியடி’யும் தோற்கடியின் உடன்பிறப்புதான், முறிய + அடி. ஆனால் ஒரு வீரரை முறியடிப்பதைவிட, தாக்குதலையோ திட்டத்தையோ சாதனையையோ முறியடிப்பதுதான் இதற்கு இயல்பு. இங்கே ஒரு தவறு எழுத்தில் இல்லை, அவசரத்தில் வருகிறது. ஒருநாள் போட்டிகளில் சச்சின் அடித்த 49 சதங்களை 2023 நவம்பர் 5 அன்று கொல்கத்தாவில் கோலி எட்டியது சமன் செய்தது மட்டுமே. பத்து நாள் கழித்து வான்கடேயில் நியூசிலாந்துக்கு எதிராக 50வது சதம் வந்தபோதுதான் சாதனை முறிந்தது. சமன் செய்த அன்றைக்கே ‘முறியடித்தார்’ என்று எழுதினால் சச்சினுக்குப் பத்து நாள் பாக்கி.

கடைசியாக ‘மண்ணைக் கவ்வு’. கவ்வுவது தோற்றவர், குப்புற விழுந்தவர் வாயில்தான் மண் போகும். ‘சென்னை மும்பையை மண்ணைக் கவ்வியது’ என்று எழுதினால் யார் வாயில் மண் என்றே தெரியவில்லை; ‘மும்பையை மண்ணைக் கவ்வ வைத்தது சென்னை’ என்று எழுதுங்கள், மும்பை ரசிகராக இருந்தால் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.