பைத்தன் லிஸ்ட்: மட்டக்களப்பு கல்முனை ரோட்ட வச்சு படிப்பம்

ஏஎல்ல ஐசிடி பாடம் எடுத்து பைத்தன் எண்ட புரோகிராம் மொழி படிக்கிற புள்ளையள் கனபேர் லூப் (ஒரே வேலைய திரும்பத் திரும்பச் செய்விக்கிறது) வரைக்கும் நல்லா வந்திற்று லிஸ்ட் (கன விஷயத்த ஒழுங்கா ஒரே பேருக்குள்ள வைக்கிறது) எண்டதும் தடுமாறுறத பாத்திரிக்கன். மாம்பழம் வாழைப்பழம் எண்டு லிஸ்ட் போட்டு சொல்லிக்குடுக்கிறதும் ஒரு காரணம் எண்டுதான் நினைக்கிறன், ஏனெண்டா பழத்துக்கு முன்ன பின்ன எண்டு ஒழுங்கு கிடையாது, லிஸ்ட்ல ஒழுங்குதான் முக்கியம். அதால நான் எங்கட ரோட்டையே எடுக்கிறன், பஸ்ல போனவங்களுக்கு எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் வரும் எண்டு தெரியும்தானே.

வழி = ["மட்டக்களப்பு", "கல்லடி", "காத்தான்குடி", "களுவாஞ்சிகுடி", "கல்முனை"]

இத அப்பிடியே டைப் பண்ணலாம், பைத்தன் 3ல தமிழ்லயே பேர் வைக்க ஏலும். ஆனா பிரிண்ட், அப்பெண்ட் மாதிரி கட்டளையள இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கோணும், இஞ்ச வாசிக்க மட்டும் தமிழ்ல போடுறன். மறுகா, வாட்ஸப்ல வந்த கோட கொப்பி பண்ணினா மேற்கோள் குறி வளைஞ்சு வந்து எரர் காட்டும், அத அழிச்சுப்போட்டு நீங்களே அடியுங்க.

ஒவ்வொரு ஊருக்கும் இடத்தின்ட நம்பர் 0ல இருந்துதான் தொடங்கும். வழி[0] மட்டக்களப்பு, வழி[4] கல்முனை. ஊர் அஞ்சு இரிக்கே எண்டு வழி[5] கேட்டா அப்பிடி ஒரு இடமே இல்ல எண்டு இன்டெக்ஸ் எரர் வரும். கடைசி ஊர் வேணுமெண்டா வழி[-1] போதும், எத்தின ஊர் எண்டு எண்ணத் தேவையில்ல.

இப்ப ஆரையம்பதிய விட்டுட்டம். காத்தான்குடி தாண்டினதும் வாற ஊர், அதால 3ம் நம்பர் இடத்துல வைக்கோணும் (0ல இருந்து எண்ணி):

வழி.இன்சேர்ட்(3, "ஆரையம்பதி")

களுவாஞ்சிகுடியும் கல்முனையும் தானா ஒவ்வொரு இடம் பின்னால தள்ளிப்போகும். கடைசில சேக்க வழி.அப்பெண்ட்("காரைதீவு"). ரெண்டு ஊர ஒண்டா சேக்க அப்பெண்டுக்குள்ள லிஸ்ட்டக் குடுத்திராதீங்க, அது லிஸ்ட்டுக்குள்ள ஒரு லிஸ்ட்டா போய் உக்காந்திரும், அதுக்கு இப்பிடி:

வழி += ["நிந்தவூர்", "அக்கரைப்பற்று"]

எடுக்கிறதுக்கு ரிமூவ், பொப் ரெண்டும் இரிக்கு. ரிமூவுக்கு பேர் குடுக்கோணும், அந்தப் பேர் லிஸ்ட்ல இல்லாட்டி எரர். பொப்புக்கு இடத்தின்ட நம்பர், ஒண்டும் குடுக்காட்டி கடைசிய எடுக்கும், எடுத்தத கையிலயும் தரும்.

நடுவுல ஒரு துண்டு மட்டும் வேணுமெண்டா வழி[1:4], கல்லடி காத்தான்குடி ஆரையம்பதி மூண்டும் வரும், 4ம் நம்பர் இடத்துல இரிக்கிற களுவாஞ்சிகுடி வராது. நாலால ஒண்டக் கழிச்சா மூண்டு, எத்தின வரும் எண்டு அப்பிடிப் பாத்தா பிழைக்காது.

இனி சொல்லப்போறதுலதான் நானே ஒருநாள் பின்னேரம் முழுக்க மாட்டுப்பட்டு கிடந்தன். திரும்பி வாற பஸ்ஸுக்கு ஒரு லிஸ்ட் வேணும் எண்டு இப்பிடி எழுதினன்:

திரும்பல் = வழி
திரும்பல்.ரிவேர்ஸ்()

பாத்தா வழியும் தலைகீழா மாறிக் கிடக்கு! சமன் குறி போட்டா புது லிஸ்ட் வரும் எண்டு நினைச்சதுதான் பிழை. அங்க இரிக்கிறது ஒரே லிஸ்ட், அதுக்கு ரெண்டு பேர், வீட்டுல ஒரு பேர் பள்ளிக்கூடத்துல ஒரு பேர் இரிக்கிற புள்ள மாதிரி, எந்தப் பேரால கூப்பிட்டு முடிய வெட்டினாலும் வெட்டுப்படுறது ஒரே தலைதான். உண்மையிலயே வேற லிஸ்ட் வேணுமெண்டா:

திரும்பல் = வழி[::-1]

இது தலைகீழா ஒரு புது லிஸ்ட்ட செஞ்சு தரும், வழி அப்பிடியே இரிக்கும். திருப்பாம கொப்பி மட்டும் வேணுமெண்டா வழி[:] எண்டு போடுங்க. இத விளங்காம விட்டா பெரிய புரோகிராம்ல பிழை எங்க எண்டே தேடிப் பிடிக்க ஏலாம போகும், அதால இந்த இடத்த ரெண்டு மூண்டு தரம் செஞ்சு பாருங்க.

ஒழுங்குபடுத்துற சோர்ட்டும் ரிவேர்ஸ் மாதிரித்தான், இரிக்கிற லிஸ்ட்டையே மாத்திரும், திருப்பி ஒண்டும் தராது. வழி = வழி.சோர்ட்() எண்டு எழுதினா வழிக்குள்ள நன் (None, ஒண்டுமில்ல) எண்டதுதான் மிஞ்சும், முழு ரோட்டும் போயிரும். சோர்ட்டட்(வழி) எண்டா புது லிஸ்ட் வரும், எழுத்து ஒழுங்குல அக்கரைப்பற்று முதல்ல நிக்கும், கல்லடிக்கு முன்னால கல்முனை வரும். பேர் தேடுறதுக்கு அது நல்லம், பஸ்ஸுக்கு பழைய வழியத்தான் பாவிக்கோணும்.