எம்.எட் டெசர்டேஷனுக்கு ரிசர்ச் மெத்தட்ஸ் கத்துக்கறது எப்படி? ஒரே தலைப்ப வச்சு முழுசா பாக்கலாம்

கல்வி உளவியல்ல டெசர்டேஷன் பண்ணப்போற நிறைய பேருக்கு ரிசர்ச் மெத்தடாலஜி பேப்பர் ஒட்டவே மாட்டேங்குது. கையில கேள்வி எதுவும் இல்லாம மெத்தட மட்டும் படிக்கிறதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். சர்வேன்னா என்ன, கேஸ் ஸ்டடின்னா என்னன்னு மனப்பாடம் பண்ணா பரீட்சையில மார்க் வரும், ஆனா சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுத உட்காந்தா கை ஓடாது. அதனால ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்களோட தேர்வு பயமும் கணக்கு மார்க்கும்ங்கற ஒரே தலைப்ப எடுத்துக்குவோம், எல்லாப் படியும் அதுலயே பாத்துடலாம்.

படி 1: தலைப்ப கேள்வியா மாத்துங்க

"தேர்வு பயம் பத்தி ஓர் ஆய்வு"ன்னு எழுதினா அது வெறும் தலைப்புதான். பிள்ளைங்களுக்கு பயம் எந்த அளவுல இருக்குன்னு கேட்டீங்கன்னா சர்வே போதும். பயம் கூடுறதுக்கும் மார்க் குறையுறதுக்கும் தொடர்பு இருக்கான்னா அது கோரிலேஷன், அதாவது ரெண்டும் எந்த அளவுக்கு சேந்து மாறுதுன்னு பாக்கறது. மூச்சுப் பயிற்சி குடுத்தா பயம் குறையுமான்னா எக்ஸ்பெரிமென்ட். பயந்த பிள்ளைக்கு ஹால்ல உட்காந்திருக்கும்போது உள்ள என்ன ஓடுதுன்னு தெரியணும்னா அந்தப் பிள்ளைகிட்ட உட்காந்து பேசணும், அது நேர்காணல். மெத்தட் எதுங்கறத கேள்விதான் முடிவு பண்ணும். சீனியர் சர்வே பண்ணாங்க நானும் பண்றேன்னு ஆரம்பிக்காதீங்க.

நாம இங்க ரெண்டாவது கேள்விய, அதாவது தொடர்பு இருக்கான்னு பாக்கறத எடுத்துக்கலாம்.

படி 2: ஏற்கனவே யாரு என்ன பாத்திருக்காங்க

இந்தியத் தீசிஸ்களுக்கு ஷோத்கங்கா, வெளிநாட்டுக் கட்டுரைகளுக்கு எரிக், ரெண்டுமே இலவசமா தேடலாம். படிச்சத அப்பப்போ ஜொடேரோங்கற ரெஃபரன்ஸ் சாஃப்ட்வேர்ல போட்டு வச்சுக்கோங்க, கடைசில ரெஃபரன்ஸ் லிஸ்ட் தானா வந்துடும். நம்ம தலைப்புல ரெண்டு ஆய்வ அவசியம் தெரிஞ்சுக்கணும். 1967ல லீபெர்ட்டும் மோரிஸும் தேர்வு பயத்த ரெண்டா பிரிச்சாங்க: "ஃபெயிலாயிடுவோமோ"ன்னு மனசுல ஓடுற கவலை ஒண்ணு, படபடப்பு வியர்வைன்னு உடம்புல வர்றது இன்னொண்ணு. அப்புறம் 1988ல ஹெம்ப்ரீ 562 ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்து பயம் கூடுனா மார்க் குறையுதுன்னு காட்டினாரு. இத படிச்ச உடனே உங்க கேள்வி இன்னும் கூர்மையாகுது பாருங்க, கணக்குல மார்க்கோட அதிகமா சேந்து போறது கவலையா படபடப்பான்னு கேக்க ஆரம்பிச்சுடுவீங்க.

படி 3: டூல் (அளக்கற கருவி)

இங்கதான் அதிக நேரம் செலவு பண்ணணும், ஆனா பெரும்பாலானவங்க ஒரே நாள்ல முடிச்சுடறாங்க. ஸ்பீல்பெர்கரோட தேர்வு பய அளவுகோல் 1980ல வந்தது, 20 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 4 வரைக்கும் மார்க், ஆக மொத்த ஸ்கோர் 20க்கும் 80க்கும் நடுவுல வரும். பயன்படுத்த முறையா அனுமதி வாங்கணும். தமிழ் மீடியம் பிள்ளைங்களுக்குக் குடுக்கப்போறீங்கன்னா மொழிபெயர்க்கணும், அந்தத் தமிழ அசல பாக்காத இன்னொருத்தர்கிட்ட குடுத்து திரும்ப ஆங்கிலத்துல எழுதச் சொல்லி ஒப்பிட்டுப் பாக்கணும்.

அடுத்து பைலட், அதாவது முன்னோட்டம். உங்க சாம்பிள்ல (ஆய்வுக்கு எடுக்கற பிள்ளைங்க) வராத வேற ஸ்கூல்ல ஒரு வகுப்புக்குக் குடுத்து, பிள்ளைங்க எந்த வரியில நிக்கிறாங்க, எதுக்கு பக்கத்துல இருக்கவன பாக்கறாங்கன்னு நின்னு கவனிங்க. அப்புறம் க்ரோன்பாக் ஆல்ஃபா போடுங்க, கேள்விங்க எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு காட்டற எண் அது, 0.70க்கு மேல இருந்தா பரவாயில்லன்னு பொதுவா ஏத்துக்குவாங்க. ஆல்ஃபா ரொம்பக் கம்மியா வந்தா பதறாதீங்க, முதல்ல ரிவர்ஸ் ஐட்டம், அதாவது எதிர்த்திசையில கேக்கற வரி, இருக்கான்னு பாருங்க. "நான் பதட்டமில்லாம தேர்வு எழுதுவேன்"ங்கற மாதிரி வரிக்கு 4 போட்ட பிள்ளைக்கு பயம் கம்மி, அதனால 5ல இருந்து கழிச்சு 1ன்னு மாத்தணும். அத விட்டுட்டா மொத்த ஸ்கோரும் தப்பாயிடும்.

படி 4: சாம்பிள்

க்ரெஜ்சி மார்கன் 1970ல குடுத்த டேபிள்படி நீங்க ஆராயற மொத்தக் கூட்டம் 1000 பேர்னா சாம்பிளுக்கு 278 பேர் வேணும், 10,000 பேர்னாலும் 370தான். ஆனா எண்ணிக்கைய விட யார எடுக்கறீங்கங்கறது முக்கியம். ஒரு அரசுப் பள்ளி, ஒரு தனியார் பள்ளி எடுத்துட்டு "அரசுப் பள்ளி மாணவர்களுக்கு பயம் அதிகம்"னு எழுதக்கூடாது, அது அந்த ரெண்டு ஸ்கூலுக்கு நடுவுல உள்ள வித்தியாசமாத்தான் இருக்கலாம், ஒரு கணக்கு டீச்சர் கண்டிப்பானவரா இருந்தாலே போதும். ரெண்டு பக்கமும் பல ஸ்கூல் வேணும்.

படி 5: பிள்ளைங்ககிட்ட போறது

ஹெச்.எம் அனுமதி மட்டும் பத்தாது. 18 வயசுக்குக் கீழ இருக்கறதால பெத்தவங்க சம்மதம் வேணும், பிள்ளையோட சம்மதமும் வேணும். "இது பரீட்சை இல்ல, மார்க்குல சேராது, பிடிக்கலன்னா நிறுத்திக்கலாம்"னு வாய்விட்டு சொல்லுங்க. பேருக்குப் பதிலா ஒரு கோட் நம்பர் போடுங்க. கிளாஸ் டீச்சர் வரிசைக்கு நடுவுல நடந்துகிட்டு இருந்தா எந்தப் பிள்ளையும் உண்மைய எழுதாது, அவங்கள மரியாதையா கொஞ்ச நேரம் வெளிய இருக்கச் சொல்லிடுங்க. பயத்த அளக்கப் போய் நாமளே பயத்த உண்டாக்கிட்டு வரக்கூடாது.

படி 6: அனாலிசிஸ்

எஸ்.பி.எஸ்.எஸ்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர் இல்லையேன்னு கவலைப்பட வேணாம், ஜமோவியும் ஜாஸ்ப்பும் இலவசம். முதல்ல ஸ்கேட்டர் படம் (ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புள்ளி) போட்டுக் கண்ணால பாருங்க, அப்புறம் பியர்சன் ஆர், தொடர்பு எவ்வளவுன்னு மைனஸ் 1ல இருந்து 1 வரைக்கும் சொல்ற எண். உதாரணத்துக்கு மைனஸ் 0.30 வந்துச்சுன்னு வைங்க, அத வர்க்கப்படுத்தினா 0.09, அதாவது மார்க்குல இருக்கற ஏற்ற இறக்கத்துல 9 சதவீதம்தான் பயத்தோட சேந்து போகுது. மீதி 91 சதவீதத்துக்கு வேற ஏதேதோ இருக்கு. பயத்தாலதான் மார்க் குறைஞ்சதுன்னும் சொல்ல முடியாது, கணக்கு வராததாலேயே பயம் வந்திருக்கலாம்.

இன்னொண்ணு, இத நான் ரொம்ப வருத்தத்தோடதான் சொல்றேன். ஆண் பெண், கிராமம் நகரம், அப்பா படிப்பு, அம்மா வேலை, கூட்டுக்குடும்பம்னு எல்லாத்துக்கும் டி டெஸ்ட் (ரெண்டு குழுவோட சராசரிய ஒப்பிடற சோதனை) போட்டு சேப்டர நிரப்புற பழக்கம் நம்ம ஊர்ல ரொம்ப இருக்கு. ஒண்ணோட ஒண்ணு தொடர்பில்லாத 20 டெஸ்ட் 0.05 லெவல்ல போட்டா, உண்மையில எந்த வித்தியாசமும் இல்லாட்டியும் ஒண்ணாவது "சிக்னிஃபிகன்ட்"னு, அதாவது நிஜ வித்தியாசம் இருக்கற மாதிரி, வர்ற வாய்ப்பு 64 சதவீதம். அம்மா வேலைக்குப் போறதுக்கும் தேர்வு பயத்துக்கும் ஏன் தொடர்பு இருக்கணும்னு உங்களால ரெண்டு வரி எழுத முடியலன்னா அந்த ஹைப்போதெசிஸ (கருதுகோள) எடுத்துடுங்க.

படி 7: எழுதறது

டேட்டா வந்தப்புறம் ஹைப்போதெசிஸ மாத்தாதீங்க. தொடர்பு இல்லன்னு வந்தா இல்லன்னே எழுதுங்க, வைவால (வாய்மொழித் தேர்வுல) கேட்டா டூல், சாம்பிள் விவரத்தோட தைரியமா சொல்லலாம். ரிவ்யூ சேப்டர அடுத்தவங்க தீசிஸ்ல இருந்து எடுத்து ஒட்டாதீங்க, யு.ஜி.சி 2018 விதிப்படி 10 சதவீதத்துக்கு மேல ஒத்துப்போனா திருத்திட்டு வரச் சொல்லுவாங்க.