பீலித் தண்ணீரும் பச்சைப் பாசியும்: மலையகத்தில் புதிதாக மீன் தொட்டி வைப்பவர்களுக்கு

தொட்டி வாங்கி மூன்று வாரத்தில் தண்ணீர் பச்சைப்பயறு அவித்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது, என்ன மருந்து ஊற்றலாம் என்று யாராவது கேட்டால் என் பதில் ஒன்றுதான்: மருந்துப் போத்தலை மூடி வையுங்கள், உங்கள் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்று முதலில் சொல்லுங்கள். நாம் பார்க்கிற வீடியோக்கள் சென்னையிலோ கொழும்பிலோ எடுத்தவை. அங்கே வெயில் வேறு, தண்ணீர் வேறு. அதை ஹட்டனிலும் தலவாக்கலையிலும் அப்படியே செய்தால் மீன்தான் பாவம்.

முதல் வேலை: கேத்தலைத் திறந்து பாருங்கள்

இதற்கு ஒரு சதமும் செலவில்லை. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் உள்ளே, அடியில் வெள்ளையாகக் காறை பிடித்திருந்தால் உங்களுடையது சுண்ணாம்புச் சத்து கூடிய வன்னீர். மாத்தளை, திகண பக்கம் டொலமைட் பாறை இருக்கிற இடங்களில் கிணற்றுத் தண்ணீர் இப்படி இருக்கலாம். மேலே, பீலியில் (மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாயில்) தண்ணீர் பிடிக்கிற லயங்களில் கேத்தலின் வெளிப்பக்கம் கரி பிடித்துக் கிடந்தாலும் உள்பக்கம் வருடக்கணக்கில் சுத்தமாகவே இருக்கும். நம் மலைப் பாறை தண்ணீரில் இலேசில் கரையாது, அதனால் ஊற்றில் வருவது சுண்ணாம்புச் சத்து குறைந்த மென்னீர். தேயிலை மண்ணின் புளிப்பைக் குறைக்க டொலமைட் போடுவார்களே, அந்த மாதிரி மண்ணுக்குள்ளே ஊறி வருகிற தண்ணீரும் கொஞ்சம் புளிப்புப் பக்கம்தான் சாயும்.

இதில் என்ன சிக்கல்? மீன் கழிவிலிருந்து மீனுக்கே நஞ்சான அமோனியா வருகிறது. பில்டரில் வளரும் பக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது (பள்ளிக்கூடத்தில் நைத்திரேற்று என்று படித்தோமே, அதேதான்). அந்த வேலை நடக்க நடக்க தண்ணீரில் இருக்கும் காபனேற்று, அதாவது புளிப்பை அடக்கி வைக்கும் சத்து, குறைந்துகொண்டே போகும். மென்னீரில் அது ஏற்கனவே கொஞ்சம்தான் இருக்கிறது. தீர்ந்துவிட்டால் பி.எச். (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) சடாரென்று 6க்குக் கீழே இறங்கும், பக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். பார்வைக்குத் தண்ணீர் பளிங்கு மாதிரிதான் இருக்கும், மீன் மட்டும் மூலையில் ஒதுங்கி நிற்கும்.

வழி சுலபம். ஒரு பிடி சிப்பி ஓட்டையோ பவளத் துண்டையோ நன்றாகக் கழுவி, வலைப்பையில் கட்டி பில்டருக்குள் போடுங்கள். 50 லீற்றர் தொட்டிக்கு ஒரு பிடி போதும், அது மெல்லக் கரைந்து பி.எச்.சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கப்பி, மொல்லி வளர்ப்பவர்களுக்கு இது கட்டாயம். டெட்ரா, செர்ரி பார்ப் மென்னீருக்குப் பழகியவை, அவற்றுக்குப் பாதிப் பிடி போதும். வன்னீர்க்காரர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடலாம். வீட்டில் கிடக்கிறதே என்று டொலமைட் தூளை மட்டும் அள்ளிப் போடாதீர்கள், கலங்கிப் போகும்.

இரண்டாவது: தண்ணீரை ஒரு நாள் காத்திருக்க வையுங்கள்

டவுன் பைப்பில் குளோரின் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஊற்றுத் தண்ணீர் என்றால் பயமில்லை என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை பீலியில் பிடித்த கையோடு இரண்டு வாளி ஊற்றினேன், மத்தியானத்துக்குள் பதினோரு கப்பி மிதந்தது. மேலே இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு அன்றைக்குத்தான் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்கள். கையால் அள்ளிப் போடும்போது அளவு கூடும், குறையும். அதனால் ஊற்றுத் தண்ணீரானாலும் மோந்து பாருங்கள், வாசம் தூக்கலாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

வாய் அகன்ற வாளியில் பிடித்து, காற்று மோட்டார் போட்டு 24 மணி நேரம் வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் மீன் கடையில் கல்கண்டு மாதிரி விற்கும் சோடியம் தயோசல்பேட் வாங்குங்கள். 10 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 20 லீற்றர் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லிலீற்றர் ஊற்றினால் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கும் குளோரினை அது அடக்கிவிடும். கொஞ்சம் கூடினாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

வாளியை ஒரு நாள் வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மலையிலிருந்து குழாயில் இறங்கி வரும் தண்ணீர் குளிராகவும் அழுத்தமாகவும் வருகிறது, உள்ளே காற்று அடைபட்டிருக்கும், அப்படியே ஊற்றினால் கண்ணாடியிலும் மீன் செட்டையிலும் குட்டிக் குட்டிக் குமிழ் ஒட்டும். அப்புறம் குளிர். நுவரெலியாவில் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான், ஹீட்டர் போட்ட தொட்டி 25 பாகை. வாளியை அடுப்பங்கரையில் வையுங்கள், போதாவிட்டால் கொஞ்சம் சுடுதண்ணீர் கலந்து வித்தியாசம் 2 பாகைக்குள் வந்த பிறகு ஊற்றுங்கள். திடீர்க் குளிர் பட்டால் வெள்ளைப்புள்ளி நோய் வர வழி திறந்த மாதிரி.

பில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், குளோரின் பட்டால் அதில் வளரும் பக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசினால் போதும். அந்த பக்டீரியா சேரச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும், ஹீட்டர் இல்லாத குளிர்த் தொட்டியில் இன்னும் கூட. அதுவரை இரண்டு மூன்று மீனோடு பொறுத்திருங்கள்.

மூன்றாவது: பாசியின் நிறத்தைப் பாருங்கள்

புதுத் தொட்டியில் கபில நிறத்தில் தூசி மாதிரி படிந்தால் அது டயட்டம், துடைத்துவிடுங்கள், ஓரிரு மாதத்தில் தானாகப் போய்விடும். கண்ணாடியில் பச்சைப் புள்ளி என்றால் அது வழக்கமானது. நீலப்பச்சையில் வழுவழுவென்று விரிப்பு மாதிரி படர்ந்து நாற்றமடித்தால் அது பாசியே இல்லை, சயனோபக்டீரியா, குழாய் போட்டு உறிஞ்சி எடுங்கள்.

தண்ணீரே பச்சையாவதுதான் பெரிய தலைவலி. கண்டி ஏரி பச்சைபிடித்துக் கிடக்கும் காலத்தில் அதைச் சுற்றி நடந்தவர்களுக்குக் காரணம் விளங்கும்: ஊர்க் கழிவு உள்ளே இறங்குகிறது, தண்ணீர் ஓடாமல் நிற்கிறது, மேலே வெயில். உங்கள் தொட்டியிலும் அதே கதைதான். ஜன்னலோரத்திலிருந்து தொட்டியை நகர்த்துங்கள், விளக்கு நாளுக்கு 6 மணி நேரம் போதும், சாப்பாடு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றம். தேயிலைக்கு உரம் போட்ட கையோடு மழை அடித்தால் ஊற்றிலும் உரம் கலந்து வரலாம், அந்த நாட்களில் மாற்றுவதைத் தள்ளிப்போடுங்கள். இரண்டு கங்குன் கீரைத் தண்டை வேர் மட்டும் தண்ணீரில் படும்படி தொட்டி விளிம்பில் செருகி வையுங்கள், நைட்ரேட்டை உறிஞ்சிவிடும், கறிக்கும் ஆகும்.

ஏற்கனவே பச்சையாகிவிட்டதா? பாதித் தண்ணீரை மாற்றி, விளக்கை அணைத்து, பழைய கம்பளியால் தொட்டியை முழுசாக மூடி 4 நாள் விடுங்கள். எட்டிப் பார்க்கக் கூடாது, சாப்பாடும் வேண்டாம். காற்று மோட்டார் மட்டும் நிற்காமல் ஓடட்டும், இல்லாவிட்டால் சாகும் பாசி ஒட்சிசனைத் தின்றுவிடும். திறந்த அன்றே மறுபடி பாதி மாற்றுங்கள், செத்த பாசி அழுகினால் அதுவே அடுத்த பாசிக்கு உரம்.

சரி, அந்த மருந்துப் போத்தல். பாசிக்கொல்லிகள் பலவற்றில் செம்பு இருக்கும். வன்னீரை விட மென்னீரில் செம்பின் நஞ்சு கடுமை, நத்தையும் இறாலும் முதலில் போகும். டேங்க் கிளீனர் மீனையும் கடைக்காரர் நீட்டுவார். விரல் அளவில் வாங்குவீர்கள், அது ஒரு அடிக்கு மேல் வளரும், துடைப்பதை விடக் கழிப்பதுதான் அதிகம். இடமில்லை என்று ஆற்றில் விட்டுவிடவும் கூடாது.

முன்பக்கக் கண்ணாடியை மட்டும் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுவேன். பின்பக்கத்தை நான் தொடுவதே இல்லை, கப்பிக் குஞ்சுகள் நாள் முழுக்க அதைத்தான் கொத்திக்கொண்டிருக்கின்றன.