வலை விரியும் அந்த நொடி
தேவனாம்பட்டினம் கடற்கரையில் சூரிய உதயத்தைப் படம் எடுக்காத ஆளே கடலூரில் கிடையாது. அதனால் வெறும் சூரியனை மட்டும் காட்டினால், படம் எடுக்கத் தெரிந்தவர் நின்று பார்க்க மாட்டார். வீச்சு வலை போடுகிறவர் கிடைத்தால் மணலில் உட்கார்ந்துவிடுங்கள். நின்று எடுத்தால் தொடுவானக் கோடு அவர் கழுத்தை அறுத்தபடி போகும். உட்கார்ந்தால் அது இடுப்புக்கு இறங்கி, தலையும் வலையும் வானத்தில் தனியாகத் தெரியும். ஷட்டர் வேகம் 1/1000 நொடி, படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷர் மைனஸ் 1. குறைக்காவிட்டால் கேமரா ஆளை வெளிச்சமாக்கப் பார்த்து வானத்தின் ஆரஞ்சை வெளுத்துவிடும். மொபைலில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் போதும். வலை கையை விட்டபிறகு அமுக்கினால் தாமதம். அவர் தோள் திரும்பும்போதே, படபடவென்று தொடர்ந்து படம் எடுக்கும் பர்ஸ்ட்டைத் தொடங்குங்கள். வலை முழு வட்டமாக விரிந்து, ஓரத்து ஈயக்குண்டுகள் இன்னும் தண்ணீரைத் தொடாத ஒரே ஒரு ஃபிரேமை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை அழிக்க மனசு வராதுதான், அழித்துவிடுங்கள்.