ஜெர்மனியில் வாடகைக் கார் எடுத்துக் கிராமப்புறம் சுற்ற விரும்பும் புதியவர்களுக்கு

ஜெர்மனிக்கு அண்மையில் குடிவந்தவர்கள் வாடகைக் கார் எடுக்க நினைத்தால், முதலில் பார்க்க வேண்டியது கையிலிருக்கும் ஓட்டுநர் உரிமத்தைத்தான். இந்திய, இலங்கை உரிமங்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து 6 மாதங்களுக்கு மட்டுமே செல்லும். அதுவும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோ ஜெர்மன் மொழிபெயர்ப்போ உடனிருந்தால்தான். அதன் பிறகு, எழுத்துத் தேர்விலும் ஓட்டுநர் தேர்விலும் தேறி ஜெர்மன் உரிமம் பெறும் வரை ஓட்டுவது குற்றமாகும். ஆகவே ஊர் சுற்றும் ஆசையை அந்த 6 மாதங்களுக்குள்ளேயே நிறைவேற்றிக்கொள்ளுங்கள்.

முன்பதிவின்போது கியர் வகையைக் கவனியுங்கள். ஆட்டோமேட்டிக் என்று குறிப்பிட்டுக் கேட்காவிட்டால், கையால் கியர் மாற்றும் வண்டி கிடைக்கக்கூடும். ஓட்டுபவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் வற்புறுத்துகின்றன. காப்பீடு இருந்தாலும், சேதம் ஏற்பட்டால் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, கண்ணாடியும் டயரும் அதில் அடங்குமா என்பதைக் கையெழுத்திடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லை தாண்டுவதாக இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

முதல் பயணத்துக்கு, பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரை, தென்மேற்கு ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்வால்ட் (கருங்காடு) மலைமுகட்டில் சுமார் 60 கிலோமீட்டர் செல்லும் சாலையைத்தான் நான் சொல்வேன். நடுவே மும்மெல்சே ஏரிக்கரையில் நின்று இளைப்பாறலாம்.

இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு நெரிசலான நகரத்தைவிட ஆளில்லாத கிராமச் சாலைதான் ஆபத்தானது. நகரத்தில் முன்னே போகும் வண்டிகளே வழிகாட்டிவிடும். பண்ணை வாசலிலிருந்தோ பெட்ரோல் பங்கிலிருந்தோ வெறிச்சோடிய சாலைக்குத் திரும்பும்போது கை தானாகவே இடப்பக்கம் போய்விடும். அந்த நேரத்தில், பக்கத்தில் இருப்பவர் "வலப்பக்கம்" என்று உரக்கச் சொல்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் நிற ஊர்ப் பெயர்ப்பலகையைத் தாண்டியதும், எண் எதுவும் எழுதியிராவிட்டாலும், வேக வரம்பு 50 கிலோமீட்டர். அதே பெயர் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்ட பலகையைக் கடந்தபின் பொதுவாக 100. குறியீடோ சிக்னலோ இல்லாத சந்திப்பில், எவ்வளவு சிறிய சந்தாக இருந்தாலும், பொதுவாக வலப்புறத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை.

பல சிற்றூர்களில் கட்டணமின்றி நிறுத்தலாம், ஆனால் பலகையில் குறிப்பிட்டிருக்கும் இடங்களில், வந்த நேரத்தைக் காட்டும் நீல நிற நேர அட்டையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும். வந்த நேரத்துக்கு அடுத்த அரைமணிக் கோட்டில் முள்ளைத் திருப்புங்கள்: 10.10-க்கு வந்தால் 10.30.

வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கங்களையும், சக்கர விளிம்புகளையும், எரிபொருள் முள்ளையும் படமெடுங்கள். திருப்பித் தரும்போதும் அப்படியே செய்யுங்கள். அலுவலகம் மூடிய பிறகு சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், ஊழியர் வண்டியைப் பார்க்கும் வரை பொறுப்பு பெரும்பாலும் உங்களுடையதே என்பதால், முடிந்தவரை ஆளிருக்கும் நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, சேதமில்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.