ஆள் குடியிருக்கும் வாடகை வீட்டை வாங்குவது எப்படி?

ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்கினால் வாடகை ஒப்பந்தமும் கூடவே வரும். காலம் முடியாத ஒப்பந்தம், வீடு கைமாறியதற்காக முறிந்துவிடாது என்பதே பொதுவான விதி. விவரங்கள் ஊர்ச் சட்டத்துக்கு ஏற்ப மாறும். அதனால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு முன்பணம் கொடுங்கள்.

படி 1: தாள்களை வாங்குங்கள்
ஒரே கட்டடத்தில் பல வீடுகள் இருந்தால், எல்லா ஒப்பந்தங்களின் முழு நகலும் வேண்டும். பின்னால் எழுதிச் சேர்த்த தாள்களையும் விடாதீர்கள். வீடுவாரியாக வாடகை, டெபாசிட், தொடங்கிய நாள், முடியும் நாள், பாக்கி ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமை, வீட்டை முதலில் வாங்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டா என்று தேடுங்கள். இரண்டாவது இருந்தால் விற்பனையே நின்றுபோகலாம்.

படி 2: வரவைச் சரிபாருங்கள்
விற்பவரின் 12 மாத வங்கிக் கணக்கைக் கேட்டு, பட்டியலோடு மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். சிலர் விற்பதற்குச் சற்றுமுன் வாடகையை உயர்த்தி எழுதிவிட்டு, பதிலுக்கு இரண்டு மாத வாடகையைத் தள்ளுபடி செய்திருப்பார்கள். ஒப்பந்தத்தில் அது தெரியாது, கணக்கில்தான் தெரியும்.

படி 3: குடியிருப்பவரிடம் எழுதி வாங்குங்கள்
பலர் தவறவிடுவது இதைத்தான். விற்பவர் மூலமாகவே கேட்டு, வாடகை எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு, எந்த மாதம் வரை கட்டியாயிற்று, முடிக்காத பழுது ஏதும் உண்டா, வாய்மொழியாக என்ன பேசப்பட்டது என்று கையெழுத்தோடு வாங்குங்கள். ஏசி, குளிர்பெட்டி யாருடையது என்பதும் அதில் இருக்கட்டும். விற்பவர் சொல்வதும் இதுவும் முரண்பட்டால், தீரும்வரை நகராதீர்கள்.

படி 4: எல்லா வீட்டையும் பாருங்கள்
ஒன்றைக் காட்டி "மற்றதும் இப்படித்தான்" என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். முன்கூட்டியே நேரம் சொல்லிப் போங்கள். அது அவர்கள் வாழும் இடம்.

படி 5: டெபாசிட்டைக் கழியுங்கள்
டெபாசிட் பணம் விற்பவர் கையில் இருக்கிறது, காலி செய்யும்போது திருப்பித் தரும் கடமையோ உங்களுக்கு வந்துவிடும். மொத்தத் தொகையையும் விலையில் கழித்து, அதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். உரிமை மாறும் மாதத்தின் வாடகையை நாள்கணக்கில் பிரியுங்கள். 30 நாள் மாதத்தில் வாடகை 15,000, உரிமை மாறுவது 11-ஆம் தேதி என்றால், விற்பவருக்கு 10 நாளுக்கு 5,000, உங்களுக்கு 20 நாளுக்கு 10,000. பழைய பாக்கி வசூலானால் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். வீடு காலியாகத்தான் வேண்டுமென்றால், காலி செய்து தருவதை நிபந்தனையாக்குங்கள். "பேசி அனுப்பிவிடுகிறேன்" என்ற வாய்ச்சொல் போதாது.

படி 6: பொறுப்பேற்பு
மூல ஒப்பந்தங்கள், சாவிகள், டெபாசிட் ரசீதுகளைப் பதிவன்றே வாங்கிவிடுங்கள். இனி வாடகையை எந்தக் கணக்கில் கட்டுவது என்ற கடிதத்தில் விற்பவரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திடுங்கள். உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தால் மோசடி என்று பயந்து, பழையவருக்கே கட்டிவிடுவார்கள். ஒப்பந்தம் முடியும்வரை, அதில் இடமில்லாமல் வாடகையைக் கூட்ட வேண்டாம். எழுதி வாங்கிய கடிதத்தில் இருக்கும் பழுதுகளை முதல் மாதமே சரிசெய்யுங்கள்.